75 மாடி டவர்னு சொல்லி 14 லட்சம் வாங்கிட்டு கையை விரிச்சிட்டாங்க. மும்பைல வீடு புக் பண்றவங்க படிங்க

இப்பதான் அந்த பில்டர் ஆபீஸ்ல சண்டை போட்டுட்டு வெளிய வந்தேன், கை இன்னும் நடுங்குது. பேரு போட முடியாது, கேஸ் போடப் போறேன். மத்திய மும்பைல பழைய மில் நிலத்துல 75 மாடின்னு விளம்பரம் பண்ணின டவர், அவ்வளவுதான் சொல்வேன்.

ஊர்ல நிலம் வித்த பணம்ங்க, 14 லட்சம். சேல்ஸ் ஆபீஸ்ல ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி மாடல் வெச்சிருந்தாங்க, அந்தப் பையன் பட்டனை அமுக்குனதும் 41வது மாடில ஒரே ஒரு ஜன்னல் மட்டும் மஞ்சளா எரிஞ்சுது, "இதுதான் உங்க வீடு அண்ணாச்சி, எனக்கும் நெல்லைப் பக்கம்தான், நான் இருக்கேன்ல"ன்னான். என் வீட்டம்மா கண்ணு கலங்கிட்டா. சர்னி ரோடுல 126 மாடி, 700 மீட்டர்னு இந்தியா டவர் ஆரம்பிச்சு 2011லயே வேலை நின்னு, 2015ல மொத்தமா கைவிட்டாங்களே, இதுவும் அப்படி ஆகாதான்னு நான் கேட்டேன். "அது மாநகராட்சியோட தகராறு அண்ணாச்சி, நமக்கு எல்லா அப்ரூவலும் கைல இருக்கு"ன்னு ஒரு ஃபைலையே தூக்கிக் காட்டினான்.

ஃபைல்ல இருந்த சிசி (கட்ட ஆரம்பிக்க மாநகராட்சி குடுக்குற அனுமதி) கார் பார்க்கிங் மாடிகளுக்கு மட்டும்தான்னு இப்ப தெரியுது!! அந்த ஆறு மாடி பார்க்கிங்தான் நிக்குது, மேல துருப்பிடிச்ச கம்பி, கிரேனைக்கூட கழட்டிட்டுப் போயிட்டாங்க.

கேட்டா முதல்ல ஏர்போர்ட் ஹைட் கிளியரன்ஸ் வரலைன்னாங்க, அப்புறம் லோன் குடுக்குற கம்பெனி மாறுதுன்னாங்க, அந்தப் பையன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப், இன்னைக்கு புதுசா ஒரு மேனேஜர் வந்து "சார், கல்யாண் பக்கம் எங்க இன்னொரு ப்ராஜெக்ட்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, ரீஃபண்ட்னா கேன்சலேஷன் சார்ஜ் பிடிப்போம்"னு சொல்றான், கட்டிடத்தை நிறுத்தினது அவன், சார்ஜ் நான் கட்டணுமாம்! வாங்குற பணத்துல 70 சதவீதம் அந்த ப்ராஜெக்ட்டோட தனி அக்கவுண்ட்லதான் இருக்கணும்னு ரெரா (வீடு வாங்குறவங்களைப் பாதுகாக்குற ரியல் எஸ்டேட் சட்டம்) சொல்லுது, என் 14 லட்சம் எங்கடான்னு கேட்டா செக்யூரிட்டியைக் கூப்பிடுறான்.

எப்படி தப்பிக்கிறதுன்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப மனசு ஓடல. வேகமா சொல்லிடுறேன். ரிஜிஸ்டர் பண்ணின அக்ரிமென்ட் இல்லாம விலைல 10 சதவீதத்துக்கு மேல வாங்கவே கூடாது, ரெரா செக்‌ஷன் 13. வீடு 1.2 கோடி, என்கிட்ட வாங்கினது 14 லட்சம், அக்ரிமென்ட் கிடையாது. சிசி எத்தனை மாடி வரைக்கும்னு மகாரெரா (மகாராஷ்டிராவோட ரெரா ஆணையம்) சைட்ல நீங்களே பாருங்க, அவங்க காட்டுற ஃபைல் வேணாம். சொன்ன தேதிக்கு வீடு தரலைன்னா வட்டியோட முழுப் பணமும் திருப்பிக் கேக்கலாம், செக்‌ஷன் 18, வேற ப்ராஜெக்ட்டுக்கு மாத்திக்கிறேன்னு எதுலயும் கையெழுத்து போட்டுடாதீங்க.

அதே டவர்ல பணம் கட்டினவங்க யாராவது இருந்தா ரசீதோட மெசேஜ் பண்ணுங்க, எல்லாரும் சேர்ந்தே புகார் குடுக்கலாம். 14 லட்சத்தை விடப் போறதில்ல.