பைத்தானை எடிட்டரிலிருந்தே ஓட்ட: சப்லைமா, விஎஸ் கோடா, விம்மா?

ஒரே கணினியில் நிரலை ஓட்டும் பைத்தான்கள் பல இருப்பது சகஜம். இயங்குதளத்தோடு வந்தது ஒன்று, நாமே நிறுவியது ஒன்று, புராஜெக்டுக்கு ஒன்றாக உருவாக்கிய விர்ச்சுவல் என்விரான்மென்ட்கள் (மற்றவற்றோடு கலக்காத தனிப் பைத்தான் அமைப்புகள்) தனி. பிப் என்ற நிறுவும் கருவி மூலம் லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பை)ப் போட்ட பிறகும் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று வருகிறதா? போட்டது ஒரு பைத்தானில், எடிட்டர் ஓட்டுவது இன்னொன்றில் என்பதுதான் பெரும்பாலும் காரணம். அதனால் எடிட்டர்களை ஒப்பிடும்போது, எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

சப்லைம் டெக்ஸ்ட் சட்டென்று திறக்கும். கண்ட்ரோல்-பி அழுத்தினால் நிரல் ஓடும். வேறு இன்டர்பிரட்டர் (நிரலை ஓட்டும் பைத்தான்) வேண்டுமென்றால் டூல்ஸ் மெனுவில் புது பில்ட் சிஸ்டம் (எதைக் கொண்டு ஓட்டுவது என்று சொல்லும் அமைப்பு) திறந்து, அந்தக் குட்டி ஜேசான் கோப்பில் அதன் முழுப் பாதையை எழுத வேண்டும். விண்டோஸ் என்றால் பாதையில் வரும் ஒவ்வொரு பேக்ஸ்லாஷையும் இரண்டாகப் போடுங்கள். இதெல்லாம் சரி, ஆனால் கீழே விரியும் அவுட்புட் பேனலில் எதையும் டைப் செய்ய முடியாது. நிரல் இன்புட் வரிக்கு வந்ததும் 'ஈஓஎஃப் எரர்' (படிக்க உள்ளீடு இல்லை என்ற பிழை) என்று நின்றுவிடும். புதிதாகக் கற்பவர் எழுதும் நிரல்களில் பாதி, பெயரையோ எண்ணையோ கேட்பவைதான். அவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

விஎஸ் கோடில் பைத்தான் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, கமாண்ட் பேலட்டில் (கட்டளைகளைத் தேடும் பெட்டியில்) 'செலக்ட் இன்டர்பிரட்டர்' கொடுத்தால் கணினியில் அது கண்டுபிடித்த பைத்தான்கள் வரிசையாக வரும். புராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் என்விரான்மென்ட்டும் அதில் இருக்கும். தேர்ந்தெடுத்தது எது என்று ஸ்டேட்டஸ் பாரின் வலது ஓரத்தில் பார்த்துக்கொள்ளலாம். நிரல் நிஜ டெர்மினலில் (கட்டளைகளை டைப் செய்யும் சாளரத்தில்) ஓடுவதால் இன்புட்டுக்கும் சிக்கல் இல்லை. ஆனால் 'கோட் ரன்னர்' என்ற தனி எக்ஸ்டென்ஷனையும் சேர்த்துப் போட்டால் குழப்பம்தான். அதற்கென்று தனி செட்டிங் உண்டு. மாற்றாவிட்டால் சப்லைமைப் போலவே டைப் செய்ய முடியாத பேனலில்தான் ஓட்டும். கற்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

விம்மில் அமைக்கவே பெரிதாக எதுவும் இல்லை. கோலன், ஆச்சரியக்குறி, பைத்தான்3, ஒரு இடைவெளி, சதவீதக்குறி (திறந்திருக்கும் கோப்பைக் குறிப்பது): அவ்வளவுதான். எந்த ஷெல்லிலிருந்து (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலிலிருந்து) விம்மைத் திறந்தீர்களோ, அந்த ஷெல்லின் பைத்தானே ஓடும். என்விரான்மென்ட்டை ஆக்டிவேட் செய்துவிட்டு அப்புறம் திறந்தால் போதும். ஓடுவது டிஸ்க்கில் சேமித்த கோப்பு என்பதால், முதலில் சேமித்துவிட்டு ஓட்டும்படி எஃப்5 விசைக்கு ஒரு மேப் (விசையோடு கட்டளையை இணைக்கும் வரி) எழுதிக்கொள்ளுங்கள். நாள் முழுக்க டெர்மினலிலேயே இருப்பவருக்கு இதைவிடத் தெளிவான வழி இல்லை என்பது என் எண்ணம். மற்றவர்கள் விஎஸ் கோடில் தொடங்கலாம்.