அப்பாவின் பெஞ்சும் குன்னூர்ப் பட்டறையும்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பா வாங்கிப் போட்ட இரும்பு பெஞ்சு ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் எனாமல் அடிப்போம். அடுத்த ஐப்பசி மழைக்குள் அப்பளம்போல் உப்பிவிடும். பெயிண்டைத்தான் குறை சொல்லிவந்தேன். குளிர்ந்த இரும்பில் மூடுபனியின் ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும்போதே அடித்ததுதான் கோளாறு என்று, குன்னூரில் ஒரு சிறிய பவுடர் கோட்டிங் (வண்ணப் பொடியைத் தெளித்து, ஓவனில் உருக்கிப் பூசும் முறை) பட்டறையில் தெரிந்துகொண்டேன்.

பட்டறைக்காரர் நிற அட்டையை நீட்டவில்லை. பெஞ்சைக் கவிழ்த்துக் கால்களைப் பார்த்தார். குழாய்க் கால்கள், அடிமுனை திறந்து கிடந்தது. “டீச்சர், பவுடர் குழாய்க்குள்ளே போகாது. வெளியே பளபளக்கும், உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்” என்றார். மின்னேற்றம் கொடுத்துத்தான் பவுடரைத் தெளிக்கிறார்கள். எர்த் செய்த இரும்பு அதை இழுத்துப் பிடிக்கிறது. வளைவின் பின்பக்கம்கூட ஒட்டிக்கொள்ளும் அந்தப் பவுடர், குழாயின் உட்புறத்துக்கு மட்டும் எட்டாதாம். ஆகவே, எல்லாம் முடிந்த பிறகு துத்தநாக பிரைமரைக் கால்களுக்குள் ஊற்றி வடித்து, தண்ணீர் இறங்கத் துளை விட்டு, ரப்பர் மூடி போட்டார். நான் கேட்காத வேலை இது. இதற்காகவே அவரிடம் இன்னொரு முறை போவேன்.

பழைய பெயிண்டை முழுக்க உரித்து, பாஸ்பேட் கரைசலில் கழுவி, ஓவனில் உலர்த்தினார். கூரான ஓரங்களைக் கிரைண்டரால் மழுக்கினார். உருகும் பூச்சு கூர்முனையில் மெலிந்துவிடுமாம். எபாக்சி வகைப் பவுடர் வெயிலில் சுண்ணாம்பாய் வெளுக்கும் என்பதால் பாலியெஸ்டர் பவுடர். சுமார் 200 டிகிரியில் 15 நிமிடம். பூச்சின் தடிமனை அளவுகருவி வைத்துக் காட்டினார்: 75 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கரும்பச்சை நிறம், தேயிலையின் முற்றிய இலைபோல.

குறையும் உண்டு. ஐந்து நாள் என்றவர் பன்னிரண்டு நாள் எடுத்தார். ஓவனில் தொங்கவிட்ட கொக்கியின் தழும்பு இரண்டு இடத்தில் மூடாமல் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். போனில் சொன்னதும் அதே நிறத்தில் சிறு டப்பா பெயிண்ட் கொடுத்தனுப்பினார். காசு வாங்கவில்லை என்றாலும், பொருளை ஒப்படைக்கும் முன் அவரே பார்த்திருக்க வேண்டும்.

மொத்தம் 2,100 ரூபாய். இரண்டு ஐப்பசி கடந்துவிட்டன. தழும்பு இருந்த ஓர் இடத்தில் மட்டும் மிளகளவு துரு. மற்ற இடமெல்லாம் காலையில் பனித்துளி உருண்டு நிற்கிறது. துணியால் துடைத்துவிட்டு அப்பா உட்கார்கிறார்.