எருக்கங்காட்டு ஆரஞ்சு: வெந்தய வரியனா, அதன் போலியா?

வெண்ணாற்றங்கரையிலோ கொள்ளிடப் படுகையிலோ எருக்கம்புதரைச் சுற்றித் தாழ்வாக, அவசரமே இல்லாமல் பறக்கும் ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி பெரும்பாலும் வெந்தய வரியன்தான். பிளெய்ன் டைகர் என்று சொன்னால் இன்னும் பலருக்குப் புரியும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொன்னால் ஏமாற வேண்டியிருக்கும். ஸ்ட்ரைப்டு டைகர், டானி காஸ்டர், டனெய்டு எக்ஃப்ளையின் பெண் ஆகிய மூன்றும் ஏறக்குறைய இதே நிறத்தில் திரிகின்றன.

இவற்றில் இரண்டைப் பிரிப்பது எளிது. ஸ்ட்ரைப்டு டைகரின் சிறகு நரம்புகள் எல்லாம் கறுப்புப் பட்டைகளாகத் தடித்திருக்கும். வெந்தய வரியனின் நரம்புகளில் அந்தக் கறுப்பு இல்லை. டானி காஸ்டர் உருவத்தில் சிறியது. சிறகை விரித்தால் 5 முதல் 6 செ.மீ. வரும், வரியன் 7 முதல் 8 செ.மீ. இருக்கும். வரியனின் முன்சிறகு நுனியில் கறுப்பும் அதற்குள் வெள்ளைப் பட்டையும் உண்டு, காஸ்டருக்கு அது கிடையாது.

கண்ணைக் கட்டுவது எக்ஃப்ளையின் பெண். எருக்கம்பாலின் நஞ்சைப் புழுப்பருவத்திலேயே உடலில் சேர்த்துக்கொள்வதால் வரியனைப் பறவைகள் ஒதுக்கும். நஞ்சில்லாத எக்ஃப்ளை பெண் அந்த உருவத்தையே போர்த்துக்கொண்டு பிழைக்கிறது. முன்சிறகின் வெள்ளைப் பட்டை வரை அதே அச்சு. ஆண் எக்ஃப்ளைக்கு இந்த வேடம் இல்லை. கறுப்புச் சிறகில், ஓரத்தில் நீலம் மின்னும் பெரிய வெள்ளைத் திட்டுகளோடு அது தனியாகத் தெரியும்.

பெண்ணைக் கண்டுபிடிக்கப் பின்சிறகைப் பார்க்க வேண்டும். வெந்தய வரியன் பெண்ணுக்குப் பின்சிறகின் நடுவில் மூன்று கரும்புள்ளிகள். ஆணுக்கு நான்கு, நான்காவது கொஞ்சம் பெரியது, நடுவில் வெள்ளை இருக்கும். அதுதான் மணப்பை. எக்ஃப்ளை பெண்ணின் பின்சிறகு நடுப்பகுதி வெறுமையாக இருக்கும், முன்விளிம்பை ஒட்டி மட்டும் ஒரு கரும்புள்ளி. சிறகின் வெளி ஓரமும் லேசாக அலையலையாக வெட்டியிருக்கும். முன்சிறகு பின்சிறகை மறைத்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு பெயர் சொல்வது வீண் வேலை.

வாய்க்கால் ஓரத்தில் காய்ந்து கிடக்கும் தேள்கொடுக்குச் செடியில் வரியன்கள் மொய்த்தால் அவை அநேகமாக ஆண்கள். பெண்ணைக் கவரும் மணப்பொருளுக்கான மூலப்பொருளை அதிலிருந்தும் கிலுகிலுப்பைச் செடி போன்றவற்றிலிருந்தும் எடுக்கின்றன.

சிறகில் தீராத சந்தேகம் செடியில் தீரும். எருக்கிலையின் அடியில் ஒவ்வொன்றாக, தந்த நிறத்தில், நெடுக்குவாட்டு வரிகளோடு இருப்பவை வெந்தய வரியனின் முட்டைகள். கொத்துக் கொத்தாக மஞ்சளாக ஒட்டியிருப்பது முட்டை இல்லை, அசுவினி. புழுவின் உடலில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களும் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகளும் இருக்கும். அரளியில் நான்கு ஜோடிக் கொம்போடு புழு தென்பட்டால் அது காமன் க்ரோ என்ற வேறொரு பட்டாம்பூச்சியின் புழு. ஸ்ட்ரைப்டு டைகர் புழுவுக்கும் மூன்று ஜோடிதான், ஆனால் கரிய உடலில் வெள்ளை, மஞ்சள் புள்ளிகள் தெரியும். அதை எருக்கின் குடும்பத்துக் கொடிகளில் தேட வேண்டும். எக்ஃப்ளை புழு எருக்குப் பக்கமே போகாது. பருப்புக்கீரையில் கிளைத்த முள்ளோடு கறுப்பாக ஊரும் அதைக் கம்பளிப்பூச்சி என்று நசுக்கிவிடுகிறார்கள்.

வளர்த்துப் பார்ப்பவர்கள் வலை மூடிய அகலமான டப்பாவில், காம்பு தண்ணீரில் நிற்கும்படி எருக்கிலை வைக்கலாம். புழு விழுந்து மூழ்காதபடி தண்ணீர்ப் புட்டியின் வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். ஈர இலை வைத்தாலும், எச்சத்தைத் தினமும் எடுக்காவிட்டாலும், நோய்க்கிருமி பெருகிப் புழு கறுத்துக் கூழாகிவிடலாம். இலை பறித்த கையைக் கண்ணில் வைக்கவே கூடாது. எருக்கம்பால் கருவிழியைப் பாதிக்கும். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

முட்டை பொரிய ஏறத்தாழ மூன்று நாள். புழு நான்கு முறை தோலுரிக்கும். கூட்டுப்புழு இலையில் தொங்கினால் பச்சை. சுவரிலோ டப்பாவிலோ தொங்கினால் இளஞ்சிவப்பாகவும் வரலாம். ஒரு வாரம் போல ஆனதும் உள்ளிருக்கும் ஆரஞ்சுச் சிறகு வெளியே தெரியும். மறுநாள் காலை பெரும்பாலும் வெளிவந்துவிடும். சிறகு தொங்கி விரிய கீழே 8 செ.மீ.யாவது இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் சிறகு மடங்கியபடியே காய்ந்துவிடும்.

கூட்டுப்புழு பழுப்பேறி, அதிலிருந்து கோழைபோல ஒரு வெள்ளை நூல் தொங்கினால் இனிப் பட்டாம்பூச்சி வராது. பட்டாம்பூச்சிப் புழுவில் முட்டையிடும் டாக்கினிட் ஈயின் புழு உள்ளே தின்று முடித்து இறங்கிய தடம் அது. வளர்ந்த புழுவாக எடுத்து வந்தால் இந்த ஆபத்து அதிகம். முட்டையாகவே எடுத்து, ஈ நுழையாத நெருக்கமான வலைக்குள் வைத்தால் தப்பும்.