உள்பக்கத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தது

திருவல்லிக்கேணியில் டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) வேலை பார்க்கிறேன். கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர், கவிதைத் தொகுப்பு என எது வந்தாலும் உள்பக்கத்துக்கு நான் எடுப்பது நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருதான். கூகுள் இலவசமாகத் தருகிறது; விற்பனைக்குப் போகும் புத்தகத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். யூனிகோடு என்பதால் வாட்ஸப்பில் வந்த கட்டுரையைக்கூட அப்படியே ஒட்டிக்கொள்ளலாம். பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் வரும் கோப்புகளை மட்டும் மாற்றியாக வேண்டும்.

எழுத்துருவைத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 70 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) மாப்லித்தோ என்ற சாதாரணப் புத்தகத் தாளில் மை கொஞ்சம் பரவும். ண, ஞ, ஐ போன்றவற்றின் சுழிகள்தான் முதலில் அடைபடும். நோட்டோவில் 10.5 பாயிண்ட் அளவிலும் சுழிகள் திறந்தே நிற்கின்றன. வயதானவர்கள் படிக்கிற மலர் என்றால் 12 வைக்கிறேன். கேட்டமரான் எழுத்துருவின் மெல்லிய வகைகள் திரையில் அழகு, தாளில் வெளிறிப்போகின்றன. தலைப்புக்கு முக்தா மலர் என்ற எழுத்துருவின் தடித்த வகையை (போல்டு) வைத்தால் எடுப்பாக இருக்கும்.

வரி இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைன் தானாகக் கொடுப்பது 120 சதவீதம், அதாவது 11 பாயிண்டுக்கு 13.2. ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் மேல்வரியின் ‘பு’ கீழே இறங்க, கீழ்வரியின் ‘கீ’ மேலே ஏற, இரண்டும் முட்டிக்கொள்ளும். நான் 16 அல்லது 17 வைக்கிறேன். பக்கம் கூடுகிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு விதமாகவும் அச்செடுத்துக் காட்டுவேன். பெரும்பாலும் 16-க்கே ஒத்துக்கொள்வார்கள். அப்புறம், இன்டிசைனின் பத்தி அமைப்பில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்வு செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ‘கெ’யில் கொம்பு இடம் மாறி நிற்கும்.

அகலம் குறைந்த பத்தியில் இருபக்கமும் சமன் செய்வது இன்னும் சிக்கல்தான். ‘சொல்லிக்கொண்டிருந்தார்கள்’ மாதிரி ஒரு சொல் வந்தால் முந்தைய வரியில் சொற்களுக்கிடையே இடைவெளி விழுந்து பல்லிளிக்கும். சொல்லைக் கையால்தான் உடைக்கிறேன், அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காதபடி. எந்த எழுத்துருவும் இந்த வேலையை மிச்சப்படுத்தவில்லை.

அச்சகத்துக்கு எழுத்துரு பதித்த பிடிஎஃப்தான் கொடுக்கிறேன். ஒருமுறை மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிய அச்சகம், அதில் தங்களிடமிருந்த வேறு எழுத்துருவைப் போட்டு அடித்துவிட்டது. அடித்த தாள் எல்லாம் வீண். இப்போதெல்லாம் அதே தாளில் ஒரு பக்கம் அடித்துக் காட்டிய பிறகுதான் மீதிக்குச் சம்மதம் சொல்கிறேன்.