பழைய இண்டிக்குப் புது கிளட்ச்: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

தொண்ணூறுகளில் வந்த போலாரிஸ் இண்டி 500 என்ற பனிவண்டி (ஸ்னோமொபைல்) இன்றும் அமெரிக்காவின் வட மாநிலங்களில், கனடாவில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எஞ்சின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் வளைவில் த்ராட்டிலை விட்டுத் திரும்ப அழுத்தினால் வண்டி ஒரு கணம் திணறும். இதற்குப் பலரும் கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்வார்கள். கோளாறு அநேகமாக கிளட்சில்தான் இருக்கும். அதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு: இருக்கும் இரண்டு கிளட்சையும் புதுப்பிப்பது, பின் கிளட்சை மட்டும் புது மாடலுக்கு மாற்றுவது, இரண்டையுமே மாற்றுவது.

ஆக்டிவா மாதிரி கியர் இல்லாத ஸ்கூட்டரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதில்லை. கிராங்கில் ஒரு கிளட்ச், பின்னால் ஒன்று, நடுவில் பெல்ட். முன் கிளட்சுக்குள் எடைத் துண்டுகள் இருக்கும். சுழற்சி கூடக் கூட அவை வெளியே வீசி, தட்டை நெருக்கி, பெல்ட்டை மேலே ஏற்றும். பின் கிளட்ச் ஸ்பிரிங்காலும் ஹீலிக்ஸ் என்ற சாய்தளத்தாலும் அதை எதிர்த்து நிற்கும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் உச்ச சக்தியைத் தருவது குறுகிய ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) எல்லைக்குள்தான். சுமை எப்படி மாறினாலும் எஞ்சினை அந்த எல்லைக்குள் பிடித்து வைப்பதுதான் இந்த இரண்டின் வேலை.

முதல் வழி, புதுப்பிப்பது. இண்டியின் முன் கிளட்ச் பி-85. எண்பதுகளில் வந்த இந்த வடிவத்தை, 2010-களின் 800 சிசி எஞ்சின் வரை போலாரிஸ் கைவிடவில்லை. அதனால் எடை, ஸ்பிரிங், ரோலர், புஷ்ஷிங் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். 10-58 என்று பொறித்த எடைத் துண்டு 58 கிராம். 140/330 ஸ்பிரிங் என்றால் தொடக்கத்தில் 140 பவுண்டு, முழுதாக அமுங்கும்போது 330 பவுண்டு. இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்று மட்டும் கவனம்: பிரிக்கும் முன் மூடி, ரோலர்களைத் தாங்கும் நடு ஸ்பைடர், நகரும் தட்டு மூன்றிலும் உள்ள எக்ஸ் குறிகளைப் பார்த்து வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அவை ஒரே நேர்கோட்டில் வராவிட்டால் பேலன்ஸ் போய்விடும், அந்த அதிர்வு நேராக கிராங்க் பேரிங்கைத் தின்னும்.

செலவு குறைந்த வழி இதுதான். ஆனால் பின் கிளட்சின் அடிப்படைக் குறை அப்படியே இருக்கும். பழைய இண்டியில் ஹீலிக்ஸின் மேல் பிளாஸ்டிக் பட்டன்கள் உராய்ந்து நகர்கின்றன. பட்டன் தேய்ந்து, ஹீலிக்ஸில் வரி விழுந்தால், த்ராட்டிலை விட்டதும் தட்டுகள் உடனே பழைய இடத்துக்கு வராது. அந்தத் திணறல் இங்கிருந்துதான் வருகிறது. புதுப் பட்டன் போட்டால் கொஞ்ச காலம் குறையும், அப்புறம் மறுபடி ஆரம்பிக்கும்.

இரண்டாவது வழிதான் என் தேர்வு: பி-85-ஐப் புதுப்பித்து வைத்துக்கொண்டு, பின்னால் டீம் ரோலர் கிளட்ச் போடுவது. மினசோட்டாவின் பேக்லி ஊரிலுள்ள டீம் இண்டஸ்ட்ரீஸ் செய்வது இது. பட்டன் உரசிய இடத்தில் ரோலர் உருளும். ஆழ்ந்த பனியில் சுமை திடீரென்று ஏறும்போது பெல்ட் சட்டென்று கீழ் விகிதத்துக்கு இறங்கும், ஆர்பிஎம் விழாது. ஓட்டுபவருக்கு உடனே தெரிகிற மாற்றம் இது.

இதில் இழப்பும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. பழைய கிளட்சில் முறுக்கு ஸ்பிரிங். அதன் முனையை ஒரு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கு மாற்றினாலே இறுக்கம் மாறும், காசு செலவில்லை. டீம் கிளட்சில் இருப்பது அமுங்கும் ஸ்பிரிங் மட்டும். மாற்ற வேண்டுமென்றால் வேறு ஸ்பிரிங்கோ வேறு கோணத்தில் வெட்டிய ஹீலிக்ஸோ வாங்கத்தான் வேண்டும். பழைய ஹீலிக்ஸ் இதற்குப் பொருந்தாது. இரண்டாம் கையில் வாங்குவதானால் கிளட்ச் மட்டும் போதாது. எந்த எஞ்சினிலிருந்து கழற்றியது, உள்ளே என்ன ஸ்பிரிங், ஹீலிக்ஸில் என்ன எண் என்று கேட்டு வாங்குங்கள். 800 வண்டிக்கு வெட்டிய ஹீலிக்ஸ் 500-க்குச் சரிப்படாது.

மூன்றாவது, இரண்டையும் மாற்றுவது. போலாரிஸ் 850 எஞ்சினோடு வந்த பி-22, இன்னொரு பனிவண்டி பிராண்டான ஸ்கீ-டூ 2017 மாடலில் 850 இ-டெக் எஞ்சினோடு கொண்டுவந்த பிடிரைவ், இரண்டும் நல்ல கிளட்சுகள். ஆனால் அவை இதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு சக்தியுள்ள எஞ்சினுக்காகச் செய்தவை. கிராங்க் முனையின் டேப்பர் (கூம்புச் சரிவு) ஒத்துப்போக வேண்டும், எடையும் ஸ்பிரிங்கும் முதலிலிருந்து தேட வேண்டும், பெல்ட்டும் மாறும். இண்டி 500-க்கு இவ்வளவு செலவு தேவையே இல்லை. பழைய முன் கிளட்ச் விரிசல் விட்டிருந்தால்கூட இன்னொரு பி-85 தேடுவதே மேல்.

எந்த வழியில் போனாலும் பொருத்தம் பார்ப்பதில் அவசரம் கூடாது. பின் கிளட்ச் ஏறும் தண்டின் விட்டம், அது சாவித் துண்டில் பூட்டுவதா, ஸ்ப்ளைன் என்ற பற்களில் பூட்டுவதா, இரண்டு கிளட்சுக்கும் நடுவில் உள்ள தூரம், பக்கவாட்டு நேர்கோடு எல்லாவற்றையும் அளந்த பிறகே பெல்ட் வாங்குங்கள். முன் கிளட்சைக் கழற்றியிருந்தால், கிராங்க் டேப்பரில் மார்க்கரால் நீளவாக்கில் கோடுகள் போட்டு, கிளட்சைக் கையால் அழுத்தி லேசாகத் திருப்பி எடுங்கள். கோடு முழு நீளத்துக்கும் அழிந்திருந்தால் பிடிப்பு சரி. ஒரு முனையில் மட்டும் அழிந்திருந்தால் அந்தக் கிளட்சைப் போட்டு ஓட்டாதீர்கள், டேப்பர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பெல்ட் காவல் மூடி இல்லாமல் எஞ்சினை முறுக்கவே கூடாது. அந்த வேகத்தில் உடையும் கிளட்ச் துண்டு காலைத் துளைத்துக்கொண்டு போகும்.

பிறகு முழு த்ராட்டிலில் ஓட்டி டேகோமீட்டரைப் பாருங்கள். எஞ்சினுக்குச் சொன்ன ஆர்பிஎம்மைத் தாண்டினால் எடையைக் கூட்டுங்கள், எட்டவில்லை என்றால் குறையுங்கள். மலைப்பகுதிக்கு எடுத்துப்போகிறவர்கள் 300 மீட்டர் ஏற்றத்துக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும் என்று கணக்கு வைத்து எடையைக் குறைக்க வேண்டியிருக்கும். நிறுத்தியதும் எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு கிளட்ச் தட்டுகளின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். கொதிக்கிற சூடு என்றால் ஸ்பிரிங்கை மாற்றும் முன், நேர்கோட்டையும் பெல்ட் இறுக்கத்தையும் மறுபடி அளந்துவிடுங்கள்.