ஹட்டனில் பத்து பேர்ச்சஸா, வெலிமடையில் அரை ஏக்கரா?

கட்டாரில் ஏழு வருடம் உழைத்துவிட்டு லீவில் வந்த தம்பி, இலங்கை மலையகத்தில் இரண்டு காணிகளின் பிளேனைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தான். ஒன்று ஹட்டன் டவுனை ஒட்டிய பத்து பேர்ச்சஸ். மற்றது வெலிமடைப் பக்கம் அரை ஏக்கர், அதாவது 80 பேர்ச்சஸ். விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "அக்கா, பத்தா எண்பதா, நீங்களே சொல்லுங்க" என்றான். அதே காசுக்கு எட்டு மடங்கு கிடைக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவன் நினைப்பு. இரண்டையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில் ஹட்டன் ஏன் இந்த விலை விற்கிறது என்று பார்ப்போம். டவுனை விட்டு நாலு வளைவு தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது, பிறகு நீண்டகாலக் குத்தகையானது. குத்தகைக்கு எடுத்த கம்பனி அதைத் துண்டு போட்டு விற்க முடியாது. ஆக, உறுதியோடு (விற்பனைப் பத்திரத்தோடு) கைமாறக்கூடிய காணி டவுனைச் சுற்றிக் கொஞ்சம்தான் இருக்கிறது. வாங்க வருகிறவர்களோ கூடிக்கொண்டே போகிறார்கள்: கொழும்புக் கடைகளில் உழைத்துச் சேர்த்தவர்கள், மத்திய கிழக்குக்குப் போய் வந்தவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காகத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு வெளியே வரும் குடும்பங்கள், ஆசிரியர்கள். நாட்டின் பொருளாதாரம் 2024இல் 5 சதவீதம் வளர்ந்தது நல்ல செய்திதான். ஆனால் ஹட்டன் காணியை நான் நம்புவது இந்தத் தட்டுப்பாட்டினால்.

வெலிமடைக் காணிக்கு ஒரு பெரிய பலம் உண்டு. சும்மா கிடக்காது. உருளைக்கிழங்கு, கரட், போஞ்சி என்று போகத்துக்குப் போகம் ஏதாவது வரும். நாமே செய்ய முடியாவிட்டாலும் குத்தகைக்கு விடலாம். ஹட்டன் பத்து பேர்ச்சஸ் வீடு கட்டும்வரை ஒரு சதம் தராது. இந்த ஒரு விஷயத்தில் தம்பி சொன்னது சரி.

ஆனால் உறுதியைக் கேட்டபோது புரோக்கர் நீட்டியது ஜயபூமிப் பத்திரத்தின் போட்டோகொப்பி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணி அது. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. "அதெல்லாம் பிறகு எடுத்துக்கலாம் அண்ணே, எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க" என்றார் தம்பியிடம். நாளைக்கு நாம் விற்கப் போகும்போதும் வாங்க வருகிறவரிடம் இதையேதான் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது சரிவு. நாங்கள் போனது மழை விட்ட மறுநாள். கீழ் எல்லையில் மண்ணிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அங்கே நின்ற மரங்கள் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தன. மானாப்புல்லை விலக்கினால் இரண்டு விரல் அகலத்துக்கு வெடிப்பு. மண் நகர்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்துவிட்டோமா? 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளை எப்படி அறுத்துக்கொண்டு போனது என்பது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஹட்டன் பக்கமும் சரிவுதான். அதனால் இரண்டு காணிக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தைப் பார்க்கச் சொன்னேன். வாங்கிய பிறகு வீடு கட்டும்போது போய் நிற்பதைவிட, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் போவது நல்லது.

பேசாமல் வங்கியில் போடலாமே என்பார்கள். 2022இல் நிலையான வைப்பு வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியது. அதே வருடம் செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. காசாக வைத்திருந்தவர்களுக்குச் சேமிப்பு கரைந்தது. காணி கரையவில்லை, ஆனால் அவசரத்துக்கு உதவவும் இல்லை. மகளின் ஆபரேஷனுக்காக விற்கப் போன எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எட்டு மாதம் அலைந்தார். ஒரு வருடச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் மிச்சத்தில் வாங்குவதானால் மட்டும் காணி வாங்கலாம்.

தம்பியின் ஆசை எனக்கும் உள்ள ஆசை. எங்கள் தாத்தா லயத்தில் பிறந்து லயத்திலேயே கண்ணை மூடினார். 1948இல் பிரஜாவுரிமையே பறிபோன தலைமுறை. ஒரு பேர்ச் மண் அவர் பெயரில் இருந்ததில்லை. எண்பது பேர்ச்சஸ் என்றதும் நெஞ்சு விம்முகிறது. அந்த விம்மலை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் முத்திரை ஒட்டிய வெறும் கடதாசியில் தோட்டக் காணியைக்கூட விற்கிறார்கள். 1840இலிருந்தே இந்த நாட்டில் காணி விற்பனைக்கு நொத்தாரிசு முன் எழுதிய உறுதி வேண்டும். கடதாசியால் காணி கைமாறாது.

என் முடிவு ஹட்டன். காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவுகளையும் பார்த்தோம். காணி ஐந்து பிள்ளைகளுக்குப் பிரிக்காத பங்காக வந்திருக்கிறது. நான்கு பேர் கையெழுத்துப் போடத் தயார். மூத்தவர் இந்தியாவுக்குப் போனவர், திருச்சியில் இருக்கிறார். அவர் பங்கு சேராமல் வாங்கினால் பிரிவினை வழக்கில் வருடக் கணக்கில் இழுபட வேண்டிவரும். அவருக்காக வேறொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் அவரிடமிருந்து வரும்வரை ஒரு ரூபாய் அட்வான்ஸும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பி பணத்தை ஆறு மாத வைப்பில் போட்டுவிட்டுக் கட்டாருக்குப் போயிருக்கிறான்.