உலோகத் தொகுப்பு வாங்கி ஏமாந்தேன்: பொட்டாசியத்தின் மேல் மஞ்சள் படிவு இருந்தால் தொடாதீர்கள்

உலோகங்களைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கும் ஆர்வத்தில் இணையத்தில் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு. லித்தியம், சோடியம், பொட்டாசியம், கால்சியம் நான்கும் தனித்தனிக் குப்பியில், தூய்மை 99 சதவீதம், எண்ணெயில் மூழ்கியபடி வரும் என்று விளம்பரம் செய்த விற்பனையாளரிடம் வாங்கினேன். பணம் வீணானதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வந்த பொருளும், பிறகு அவர்கள் சொன்ன யோசனையும் ஆளையே ஊனமாக்கியிருக்கும்.

லித்தியம் என்று ஒட்டியிருந்த குப்பியில் உலோகத் துண்டு எண்ணெயின் அடியில் கிடந்தது. லித்தியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.53 கிராம்தான், எண்ணெயிலும் மிதக்க வேண்டும். கண்ணாடியும் முகக் கவசமும் அணிந்து, அரிசி அளவுக்கு நறுக்கி, அகன்ற தொட்டித் தண்ணீரில் விட்டேன். விட்டவுடன் உருண்டையாக உருகி, சீறிக்கொண்டு நீர்ப்பரப்பில் ஓடியது. லித்தியம் இப்படி உருகாது. அதன் உருகுநிலை சுமார் 180 டிகிரி. வடிவம் அதிகம் மாறாமல் மிதந்தபடி நிதானமாகக் குமிழ்விட்டுக் கரையும். 98 டிகிரியிலேயே உருகுவது சோடியம். மீந்த கரைசலில் கம்பியைத் தோய்த்துச் சுடரில் காட்டினேன். லித்தியத்துக்குரிய செந்நிறம் வரவில்லை, அடர் மஞ்சள் வந்தது. சோடியத்தையே இரண்டு பெயரில் விற்றிருக்கிறார்கள். சாதுவான உலோகம் என்று நம்பி ஒருவர் பெரிய துண்டைப் போட்டால் என்ன ஆகும்?

கால்சியம் என்று வந்தது வெள்ளைத் தூள். தண்ணீரில் பால்போல் கலங்கியது, குமிழே வரவில்லை. எப்போதோ ஹைட்ராக்சைடாக, அதாவது நீற்றிய சுண்ணாம்பாக, மாறிப்போன பழைய சரக்கு.

பொட்டாசியக் குப்பிதான் மிக மோசம். மூடி சரியாக இறுகவில்லை. எண்ணெய் பாதிக்குமேல் கசிந்து பொட்டலத்தின் பஞ்சில் ஊறியிருந்தது. வெளியே தெரிந்த உலோகத்தின் மேல் ஆரஞ்சு கலந்த மஞ்சள் படிவு ஏறியிருந்தது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுப்பட்டு உருவாகும் பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடு அது. அந்தப் படிவின் மேல் கத்தியை வைத்து அழுத்தினால், அது கீழே இருக்கும் உலோகத்தோடும் எண்ணெயோடும் சேர்ந்து வெடிக்கக்கூடும். தண்ணீர் ஒரு சொட்டும் தேவையில்லை. பழைய சோடியத்தின் மேல் படியும் வெள்ளைப் படிவை நறுக்கி எடுத்துப் பழகியவர்கள், இதையும் அப்படித்தான் என்று நினைத்துவிடுவார்கள்.

படம் எடுத்து அனுப்பிப் புகார் செய்தேன். "சாதாரணத் துரு, கத்தியால் சுரண்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்" என்று பதில் வந்தது. படித்தபோது கை நடுங்கியது. வினைத்திறன் மிக்க உலோகங்களை விற்கிறவர்களுக்கு இந்த அடிப்படைகூடத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அக்கறையில்லை. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள்கூட வாங்கக்கூடிய பொருள் இது. அதனால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

குப்பியைத் திறக்காமல், வேதிக் கழிவுகளைக் கையாளத் தெரிந்தவர்களிடம் ஒப்படைத்தேன். உங்களிடம் பழைய பொட்டாசியம் இருந்தால் வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளோ ஆரஞ்சோ தெரிந்தால் குலுக்காதீர்கள், மூடியைத் திருகாதீர்கள், புது எண்ணெய் ஊற்றிச் சரிசெய்ய முயலாதீர்கள். புதிதாக வாங்குவதென்றால், அனுப்பப்போகும் அதே குப்பியின் படத்தையும் அடைத்த தேதியையும் முன்கூட்டியே கேளுங்கள். தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீரும் உதவாது, கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானும் உதவாது. சோடியம், பொட்டாசியம் என்றால் உலர்ந்த மணலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்; லித்தியத் தீக்கு மணல் சரிவராது.